பரந்தன் சந்தியும் இணைய முகவரிகளும்: துவித எண்களால் வலையமைப்புகளைத் தொகுக்கும் முறை

கிளிநொச்சி நகருக்கு வடக்கே, ஏ-9 வீதியில் அமைந்துள்ள பரந்தன் சந்தி வன்னி மக்கள் அனைவருக்கும் பழக்கமான இடமாகும். ஒரு காலத்தில் இரசாயனத் தொழிற்சாலையால் நாடறிந்திருந்த இவ்வூரில் நான்கு திசைகளுக்கும் வழி பிரிகின்றது. வடக்கே ஆனையிறவு ஊடாக யாழ்ப்பாணம், தெற்கே கிளிநொச்சி ஊடாக வவுனியா, கிழக்கே ஏ-35 வீதி வழியாக முல்லைத்தீவு, மேற்கே பூநகரி. கிழக்கே செல்லும் வீதியில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனப் பல ஊர்கள் உள்ளன. ஆயினும் அவற்றுள் எந்த ஊருக்கு வழி கேட்டாலும், சந்தியில் நிற்பவர் "முல்லைத்தீவு றோட்டால போங்கோ" என்றே கூறுவார். ஊர்கள் பல, வழி ஒன்று. அந்த வழிக்கு ஒரு பெயர் போதும்.

இணையமும் இவ்வாறே இயங்குகின்றது. ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தி, வலையமைப்பின் சந்தியில் நின்று வழி சொல்லும் கருவியாகும். அடுத்தடுத்து அமைந்த பல உபவலையமைப்புகளுக்குத் தனித்தனியே வழி எழுதி வைக்காமல், அவை அனைத்தையும் ஒரே வரியில் அடக்கிக் கூறுவதைத் தொகுத்தல் என்பர். இதனைச் சரியாகச் செய்வதற்குத் துவித எண்களைத் தவிர வேறு வழியில்லை. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தைத் தமிழில் கற்கும் மாணவர்களுக்கும், பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் வலையமைப்புகளைப் பராமரிக்கும் இளைஞர்களுக்கும் பயன்படும் வகையில் இம்முறையை இங்கு விளக்க முற்படுகின்றோம். கூடவே ஒன்றையும் வலியுறுத்த விரும்புகின்றோம். தொகுத்தல் என்பது வெறும் வசதியன்று. அது ஒரு பொறுப்பேற்பு. "இந்த முகவரிகள் அனைத்தும் என் பக்கம் உள்ளன" என்று உலகுக்குச் சொல்லும் கூற்று அது. அக்கூற்று பிழையானால் அதன் விளைவைப் பிறரும் சுமக்க நேரிடும்.

முகவரி என்பது 32 இலக்கங்கள்

இன்று பரவலாகப் பயன்படும் நான்காம் பதிப்பு இணைய முகவரி, 172.16.40.5 என்பது போல நான்கு எண்களாக எழுதப்படுகின்றது. இது மனிதரின் கண்ணுக்காக எழுதப்படும் வடிவமே. கருவி காண்பது 0, 1 ஆகிய இரு இலக்கங்களால் ஆன 32 இலக்கத் தொடரையாகும். இவ்விலக்கம் ஒவ்வொன்றும் பிற்று எனப்படும். நான்கு எண்களில் ஒவ்வொன்றும் எட்டுப் பிற்றுகளைக் கொண்டது. அவற்றின் இடப்பெறுமானங்கள் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்பனவாம். ஆகவே 40 என்பது 32 உம் 8 உம் சேர்ந்தது. அதனை 00101000 என எழுதுகின்றோம்.

இந்த 32 பிற்றுகளில் முன்னே நிற்கும் சில வலையமைப்பைக் குறிக்கின்றன; எஞ்சியவை அவ்வலையமைப்பினுள் உள்ள தனிக் கருவியைக் குறிக்கின்றன. முன்னே நிற்கும் பகுதியை முன்னொட்டு என்போம். முன்னொட்டு எத்தனை பிற்று நீளமானது என்பதைச் சாய்கோட்டின் பின் எழுதுவது வழக்கம். 172.16.40.0/24 எனில் முதல் 24 பிற்றுகள் வலையமைப்புக்கு உரியன. எஞ்சிய 8 பிற்றுகளால் 256 முகவரிகள் உருவாகும். முன்னொட்டு ஒரு பிற்று குறைந்தால் முகவரிகளின் தொகை இரட்டிக்கும். ஒரு பிற்று கூடினால் பாதியாகும். /23 இல் 512, /22 இல் 1024, /21 இல் 2048 முகவரிகள் உள்ளன.

முன்னொட்டு என்ற கருத்து எமக்குப் புதியதன்று. 021 எனத் தொடங்கும் தொலைபேசி இலக்கங்களைப் பாருங்கள். கொழும்பிலிருந்து அவ்விலக்கத்தை அழைக்கும்போது, அழைப்பை வடக்கு நோக்கி அனுப்ப முதல் மூன்று இலக்கங்களே போதுமானவை. எஞ்சியவற்றை உரிய இடத்திலுள்ள நிலையம் கவனித்துக்கொள்ளும்.

நேரும் நிரையும்

இருமையை அடிப்படையாகக் கொண்ட எண்ணிக்கை தமிழ் மாணவருக்கு யாப்பிலக்கணத்தின் வழியாகவே அறிமுகமானது. அசை இரண்டு: நேர், நிரை. ஓரசைச் சீர் 2. ஈரசைச் சீர் 4. மூவசைச் சீர் 8. நாலசைச் சீர் 16. ஓர் அசை கூடுந்தோறும் தொகை இரட்டிக்கின்றது. பிற்றுகளின் இயல்பும் இதுவே.

நேர் என்பதை 0 எனவும் நிரை என்பதை 1 எனவும் கொள்வோம். தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11. இவற்றுள் தேமாவும் கூவிளமும் நேரசையில் தொடங்குவன. "நேரில் தொடங்கும் ஈரசைச் சீர்கள்" என்று ஒரு தொடரால் அவ்விரண்டையும் மிச்சமின்றியும் மிகையின்றியும் சுட்டிவிடலாம். அவ்வாறே தேமாங்காய், தேமாங்கனி இரண்டையும் "தேமாவில் தொடங்கும் மூவசைச் சீர்கள்" எனலாம். ஆனால் கூவிளத்தையும் புளிமாவையும் மட்டும் தொடக்க அசையைக் கொண்டு ஒன்றாகச் சுட்ட முடியுமா? முடியாது. வரிசையில் அவை 01, 10 என அடுத்தடுத்தே நிற்கின்றன. ஆயினும் அவற்றின் தொடக்கம் வேறு வேறு. அவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்க முயன்றால் நான்கு சீர்களையும் அழைத்தாக வேண்டும். தொகுத்தல் பற்றிய நுட்பம் முழுவதும் இச்சிறு உதாரணத்தில் அடங்கியுள்ளது.

பங்கீட்டுக் கணக்கும் இதற்குத் துணைவரும். தமிழ்ப் பின்னங்கள் அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பாதி பாதியாகவே இறங்குகின்றன. இஸ்லாமிய வாரிசுரிமையில் பிள்ளைகள் இல்லாதவிடத்துக் கணவனுக்கு அரையும் மனைவிக்குக் காலும், பிள்ளைகள் உள்ளவிடத்துக் கணவனுக்குக் காலும் மனைவிக்கு அரைக்காலும் எனப் பங்கு அமைவதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். அட்சரகணிதத்துக்கு வித்திட்ட அல் குவாரிஸ்மி, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் எழுதிய நூலின் பெரும் பகுதியை இவ்வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கியிருந்தார். அவ்வாரிசுரிமையில் மூன்றிலொன்று, ஆறிலொன்று ஆகிய பங்குகளும் உண்டு. இணைய முகவரிகளில் அவற்றுக்கு இடமில்லை. ஒரு முகவரித் தொகுதியை அரையாக, காலாக, அரைக்காலாகப் பிரிக்கலாம். மூன்று சம பங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரே முன்னொட்டால் குறிக்க முடியாது.

தொகுக்கும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். விளக்கத்துக்காகப் பரந்தன் சந்தியில் ஒரு வழிப்படுத்தி உள்ளதெனக் கற்பனை செய்வோம். அங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவு வீதியில் எட்டு நிலையங்களுக்கு இணைப்புச் செல்கின்றது. பாடசாலை, வைத்தியசாலை, நூலகம், பிரதேச செயலகம் என அவை எவையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு /24 வலையமைப்பு வழங்கப்பட்டுள்ளது. முதலாவது 172.16.40.0, கடைசியானது 172.16.47.0.

முதல் இரு எண்களும் எட்டு நிலையங்களுக்கும் பொதுவானவை. எனவே அங்கே 16 பிற்றுகள் ஒத்துப்போகின்றன. வேறுபடுவது மூன்றாம் எண்ணே. அதனைத் துவிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவோம்.

40 = 00101000
41 = 00101001
42 = 00101010
43 = 00101011
44 = 00101100
45 = 00101101
46 = 00101110
47 = 00101111

இடப்புறமிருந்து நோக்கினால் முதல் ஐந்து பிற்றுகளும் எட்டு வரிகளிலும் 00101 என ஒரே விதமாக உள்ளன. கடைசி மூன்று பிற்றுகள் 000 முதல் 111 வரை எல்லா வடிவங்களையும் எடுத்துள்ளன. பொதுவான பிற்றுகள் 16 உடன் 5 சேர 21 ஆகும். பொதுவான பகுதியை அவ்வாறே வைத்து, எஞ்சிய பிற்றுகளைச் சுழியமாக்கினால் கிடைப்பது 172.16.40.0/21. இதுவே தொகுப்பு முகவரி. எட்டு வரிகளுக்குப் பதிலாக ஒரு வரி.

இதனை மறைப்பெண்ணால் குறிப்பதும் உண்டு. முதல் 21 பிற்றுகளை 1 எனவும் எஞ்சியவற்றை 0 எனவும் எழுதினால் 255.255.248.0 என்ற மறைப்பெண் கிடைக்கும். 248 என்பது 11111000 என்பதன் தசம வடிவம். 172.16.45.20 என்ற முகவரிக்கு ஒரு பொதி வந்தால் வழிப்படுத்தி என்ன செய்யும்? 45 இன் துவித வடிவமான 00101101 ஐ 11111000 உடன் ஒப்பிட்டு, இரண்டிலும் 1 உள்ள இடங்களில் மாத்திரம் 1 ஐ வைத்துக்கொள்ளும். விடை 00101000, அதாவது 40. தொகுப்பு முகவரியின் மூன்றாம் எண்ணும் 40. ஆகவே பொதி கிழக்கே அனுப்பப்படும். கருவி செய்வது இத்துணைச் சிறு கணக்கே. சிறிதாக இருப்பதனாலேயே அதனை மிக விரைவாகத் திரும்பத் திரும்பச் செய்ய முடிகின்றது.

மேற்கே பூநகரி வீதியில் நான்கு நிலையங்களுக்கு 172.16.48.0 முதல் 172.16.51.0 வரை வழங்கப்பட்டிருப்பின், 48 என்பது 00110000. 51 என்பது 00110011. பொதுவானவை ஆறு பிற்றுகள். தொகுப்பு 172.16.48.0/22. யாழ்ப்பாணத்திலுள்ள மேல்நிலை வழிப்படுத்திக்குப் பரந்தன் இந்த இரு வரிகளை மாத்திரம் அறிவித்தால் போதும். பன்னிரண்டு நிலையங்களும் அவற்றுள் அடங்கிவிடும்.

இதன் பயன் அட்டவணை சுருங்குவதுடன் நின்றுவிடுவதில்லை. மழைக்காலத்தில் மின்னல் தாக்கி விசுவமடுவில் ஓர் இணைப்பு அறுந்து மீண்டும் வந்து மீண்டும் அறுகின்றதெனக் கொள்வோம். தொகுப்பு இல்லாதவிடத்து ஒவ்வொரு தடவையும் யாழ்ப்பாணத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள கருவிகளுக்கும் செய்தி சென்று, அவை தம் அட்டவணைகளைத் திருத்த வேண்டியிருக்கும். தொகுப்பு உள்ளவிடத்து அக்குழப்பம் பரந்தனுடன் அடங்கிவிடும். ஓரிடத்துக் கோளாறு அவ்விடத்தைத் தாண்டுவதில்லை.

தொடர்ச்சி மட்டும் போதாது

மாணவர்கள் பெரும்பாலும் தவறிழைப்பது இவ்விடத்திலேதான். எண்கள் அடுத்தடுத்து இருந்தால் தொகுத்துவிடலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். 172.16.46.0 முதல் 172.16.49.0 வரையிலான நான்கு வலையமைப்புகளை எடுத்துக்கொள்வோம்.

46 = 00101110
47 = 00101111
48 = 00110000
49 = 00110001

நான்கு வலையமைப்புகள் என்பதால் /22 என எழுதத் தோன்றும். ஆனால் பொதுவாக இருப்பவை 001 என்ற மூன்று பிற்றுகள் மாத்திரமே. இவற்றை ஒரே வரியில் அடக்கவேண்டுமெனில் 172.16.32.0/19 என்றே எழுத வேண்டும். அது 32 முதல் 63 வரையான 32 வலையமைப்புகளை உள்ளடக்கும். எமக்குரியவை நான்கு, நாம் உரிமை கோருபவை 32. யாப்பில் கூவிளமும் புளிமாவும் எதிர்கொண்ட சிக்கல் இதுவே. சரியான விடை இரு வரிகளாகும்: 172.16.46.0/23, 172.16.48.0/23.

இதனை எளிதில் சோதிக்க இரு வினாக்கள் உள்ளன. முதலாவது, தொகுக்கும் வலையமைப்புகளின் எண்ணிக்கை 2, 4, 8, 16 என்ற வரிசையில் அமைந்துள்ளதா? இரண்டாவது, தொடக்க எண் அந்த எண்ணிக்கையால் மீதியின்றிப் பிரிபடுகின்றதா? 40 எட்டால் பிரிபடும். எனவே எட்டு வலையமைப்புகள் ஒரு வரியில் அடங்கின. 46 நான்கால் பிரிபடாது. எனவே நான்கும் அடங்கவில்லை.

பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய எமது கண் இங்கு எம்மை ஏமாற்றும். 10 முதல் 19 வரை பத்து வலையமைப்புகளை ஒரு பிரதேசத்துக்கு ஒதுக்குவது காகிதத்தில் ஒழுங்காகத் தோன்றும். துவிதத்திலோ அது 10-11, 12-15, 16-19 என மூன்று துண்டுகளாக உடையும். அதற்குப் பதிலாக 16 முதல் 31 வரை பதினாறாக ஒதுக்கியிருந்தால் ஒரு வரி போதும். வளர்ச்சிக்கு ஆறு இடங்களும் எஞ்சும். அவ்வாறே 40 முதல் 45 வரை ஆறு வலையமைப்புகள் மாத்திரம் எம்மிடம் இருப்பின், 40 முதல் 43 வரை ஒரு /22, 44, 45 இரண்டுக்கும் ஒரு /23 என இரு வரிகள் எழுதுவதே நேர்மையானது.

மிகையாக உரிமை கோரினால்

எம்மிடம் இல்லாத முகவரிகளையும் சேர்த்து அறிவித்தால் என்ன நேரும்? பரந்தன் வழிப்படுத்தி 172.16.32.0/19 என யாழ்ப்பாணத்துக்கு அறிவித்துவிட்டது எனக் கொள்வோம். எவருக்கும் வழங்கப்படாத 172.16.60.5 என்ற முகவரிக்கு ஒரு பொதி யாழ்ப்பாணத்தை அடைகின்றது. யாழ்ப்பாணம் தன் அட்டவணையைப் பார்த்து அதனைப் பரந்தனுக்கு அனுப்பும். பரந்தனில் அம்முகவரிக்கு வரி இல்லை. "தெரியாதவற்றை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பு" என்ற பொதுக் கட்டளை மாத்திரம் உண்டு. பொதி திரும்பிச் செல்லும். யாழ்ப்பாணம் மீண்டும் பரந்தனுக்கு அனுப்பும். ஆனையிறவைக் கடந்து அங்குமிங்கும் அலையும் பேருந்தைப் போல அப்பொதி ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறையும் ஆயுள் எண் சுழியமாகும்போதே அதன் அலைச்சல் முடியும். இத்தகைய பொதிகள் பெருகினால் உரிய போக்குவரத்துக்கும் இடையூறு ஏற்படும்.

இன்னொரு நிலைமை இதனிலும் நுட்பமானது. அதே எல்லைக்குள் 172.16.56.0/21 மன்னாருக்கு உரியதென வைத்துக்கொள்வோம். ஒரு முகவரிக்கு இரு வரிகள் பொருந்துமானால், நீளமான முன்னொட்டை உடைய வரியையே வழிப்படுத்தி தெரிவு செய்யும். 21 ஆனது 19 இலும் நீளமானது. ஆகவே மன்னாருக்குரிய பொதிகள் வழமைபோல மன்னாருக்கே செல்லும். தவறு எவர் கண்ணுக்கும் படாது. மன்னாரின் இணைப்பு அறுந்து அதன் வரி அட்டவணையிலிருந்து நீங்கும் நாளிலேதான், அப்பொதிகள் யாவும் தொடர்பேதுமற்ற பரந்தனை நோக்கித் திரும்பும். ஏற்கெனவே ஒரு கோளாறுடன் போராடும் பொறியியலாளருக்கு விளங்காத இரண்டாவது கோளாறு அதுவாகும்.

இதனாலேயே தொகுப்பை அறிவிக்கும் கருவியில், "இத்தொகுப்பினுள் எனக்குத் தெரியாத முகவரிக்கு வரும் பொதியை இங்கேயே கைவிடு" என்ற கட்டளையையும் சேர்த்து எழுதும் வழக்கம் ஏற்பட்டது. அலைச்சலை அது தடுக்கும். ஆயினும் பிறருக்குரிய முகவரியை உரிமை கோரிய தவறை அது திருத்தாது.

நீள முன்னொட்டுக்கு முதன்மை என்ற இவ்விதிக்கு நற்பயனும் உண்டு. கிழக்கு வீதியில் 172.16.44.0/24 ஐக் கொண்டிருந்த ஒரு பாடசாலை, இலக்கத்தை மாற்றாமலே பூநகரிப் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டால், அந்த ஒரு வலையமைப்புக்கு மேற்கு நோக்கித் தனி வரி எழுதினால் போதும். /21 தொகுப்பு அவ்வாறே இருக்கும். /24 விதிவிலக்காக முந்திக்கொள்ளும். ஆனால் விதிவிலக்குகள் பெருகப் பெருக, தொகுத்ததன் பயன் கரைந்துபோகும்.

உலகம் இம்முறைக்கு வந்த வரலாறு

இணையத்தின் தொடக்க காலத்தில் முகவரிகள் வகுப்புகளாக வழங்கப்பட்டன. பீ வகுப்பில் 65,536 முகவரிகள். சீ வகுப்பில் 256. இரண்டாயிரம் முகவரிகள் தேவைப்படும் ஒரு நிறுவனம் பீ வகுப்பைப் பெற்று அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வீணாக்க வேண்டும். அல்லது எட்டு சீ வகுப்புகளைப் பெற்று உலகின் அட்டவணைகளில் எட்டு வரிகளை நிரப்ப வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பீ வகுப்பு தீர்ந்துவிடும் என்ற அச்சமும், அட்டவணைகள் கருவிகளின் நினைவகத்தை மிஞ்சிவிடும் என்ற அச்சமும் ஒருங்கே எழுந்தன. 1993 செப்டெம்பரில் வெளியான ஆர்.எவ்.சி. 1519 என்ற ஆவணம் வகுப்புகளை நீக்கி, முன்னொட்டு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம் என்ற முறையை வகுத்தது. அதனை எழுதிய நால்வருள் ஒருவரின் பெயர் கண்ணன் வரதன் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. மேலே நாம் கண்ட எட்டு வலையமைப்புகளும் ஒரு /21 ஆக அடங்கியமை அம்முறையின் பயனேயாகும்.

உள்ளக வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ள முகவரிகளும் இதற்கு உதாரணமாகும். 172.16 முதல் 172.31 வரையான பதினாறு பழைய பீ வகுப்புகள் 172.16.0.0/12 என்ற ஒரே வரியில் அடங்குகின்றன. 16 என்பது 00010000. 31 என்பது 00011111. பொதுவானவை நான்கு பிற்றுகள். முதல் எண்ணின் எட்டுடன் சேரப் பன்னிரண்டு.

இம்முறையின் வலுவின்மையை உலகம் 2008 பெப்ரவரி 24 ஆம் திகதி கண்டது. யூரியூப் நிறுவனம் தனது முகவரிகளை 208.65.152.0/22 என ஒரே தொகுப்பாக அறிவித்திருந்தது. 152, 153, 154, 155 ஆகிய நான்கும் 100110 என்ற ஆறு பிற்றுகளில் தொடங்குவதால் அத்தொகுப்பு முற்றிலும் சரியானதே. பாகிஸ்தானில் அத்தளத்தைத் தடை செய்யுமாறு அரசு விடுத்த பணிப்பை நிறைவேற்ற முனைந்த பாகிஸ்தான் ரெலிகொம், 208.65.153.0/24 என்ற வரியை எழுதியது. நாட்டுக்குள் நிற்கவேண்டிய அவ்வரி, மேல்நிலை நிறுவனம் ஒன்றின் ஊடாக உலகெங்கும் பரவியது. 24 ஆனது 22 இலும் நீளமானது. எனவே உலகின் வழிப்படுத்திகள் பாகிஸ்தானையே நம்பின. யூரியூப் அதே /24 ஐயும், பின்னர் அதனைப் பாதியாகப் பிரித்து இரு /25 களையும் அறிவித்துப் போராட வேண்டியதாயிற்று. இரண்டு மணித்தியாலங்களுக்கும் மேலாக அத்தளம் உலகின் பெரும் பகுதிக்குக் கிடைக்கவில்லை.

வழிப்படுத்தி நீளத்தை அளக்குமேயன்றி உண்மையை அளக்காது என்ற பாடத்தை அந்நிகழ்வு கற்பித்தது. ஒரு முன்னொட்டை அறிவிக்கும் உரிமை எவருக்கு, எவ்வளவு நீளம் வரை என்பதைக் கையொப்பமிட்ட சான்றிதழால் உறுதிப்படுத்தும் ஆர்.பி.கே.ஐ. என்ற ஏற்பாட்டின் அடிப்படை ஆவணங்கள் 2012 இல் வெளியாயின.

தொகுக்காமல் விடுவதற்கும் விலையுண்டு. 2014 ஆகஸ்ட் 12 ஆம் திகதி உலக அட்டவணையில் திடீரெனப் பல்லாயிரம் சிறு வரிகள் சேர்ந்ததால், மொத்த வரிகள் 512,000 என்ற எல்லையைத் தாண்டின. அதற்கு மேல் இடமில்லாத பழைய கருவிகள் பல இடங்களில் செயலிழந்தன. அவ்வட்டவணை இன்று ஒன்பது இலட்சத்தையும் கடந்து நிற்கின்றது.

எமது மண்ணில்

இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பு இந்நாட்டின் இணைய வரலாற்றில் முன்னோடியாகும். 192.248 எனத் தொடங்கும் முகவரிகள் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியோருக்கு நன்கு பழக்கமானவை. வெவ்வேறு நகரங்களில் உள்ள கல்வி நிறுவனங்கள் ஒரே தொடக்கத்தின் கீழ் நிற்பதே தொகுத்தலின் அடையாளமாகும். பரந்தனுக்குத் தெற்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகின்றது. கணினிப் பொறியியலும் அங்கு கற்பிக்கப்படுகின்றது. போர் முடிந்த 2009 இன் பின்னர் ஏறத்தாழ எல்லாவற்றையும் புதிதாக அமைக்க நேர்ந்த ஒரு மாவட்டத்தில், வலையமைப்புகளையும் முதலிலேயே திட்டமிட்டு அமைக்கும் அறிவு வேர்கொள்ள வேண்டும் என்பது எமது எதிர்பார்ப்பு.

ஏனெனில் முகவரித் திட்டம் ஒரு தடவை பிழைத்துவிட்டால் பின்னர் திருத்துவது கடினம். ஆசிய பசிபிக் வலயத்துக்கு முகவரி வழங்கும் அப்னிக் நிறுவனம், 2011 ஏப்ரல் 15 ஆம் திகதி கடைசித் தொகுதியை எட்டியது. அதன் பின் ஓர் உறுப்பினருக்கு அத்தொகுதியிலிருந்து 1024 முகவரிகளே என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2019 இல் அது 512 ஆகக் குறைந்தது. எனவே கையிலுள்ளதைச் சிந்தாமல் பகிர வேண்டியுள்ளது. ஆறாம் பதிப்பு முகவரிகளில் பற்றாக்குறை இல்லை. ஒரு நிறுவனத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் /32 தொகுதியிலிருந்து 65,536 நிலையங்களுக்குத் தலா ஒரு /48 வழங்கலாம். ஆயினும் அங்கும் முன்னொட்டின் கணக்கு இதுவேதான். தாராளமாக இருப்பதால் தாறுமாறாக வழங்கினால், அட்டவணைகள் அங்கும் பெருகும்.

வலையமைப்பைத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை சிலவே. ஒவ்வொரு திசைக்கும் 8, 16, 32 என்ற அளவிலேயே இடம் ஒதுக்குக. ஐந்து நிலையங்கள் இருந்தால் எட்டுக்கு இடம் விடுக. தொடக்க எண் அந்த அளவால் பிரிபடுமாறு தெரிவு செய்க. முதல் வந்தவருக்கு முதல் இலக்கம் என்று வழங்காமல், எந்த வீதியில் உள்ளவர் என்று பார்த்து வழங்குக. வழங்கியதைப் பதிவேட்டில் எழுதி வைக்குக. அறிவிக்கும் முன் துவிதத்தில் எழுதிப் பார்க்குக. ஒரே வரியில் அடங்காதெனின், இரண்டு உண்மையான வரிகளே ஒரு மிகையான வரியிலும் மேலானவை என உணர்க.

ஆண்டுக்கணக்கில் இடம்பெயர்ந்து, கடிதம் வந்து சேர ஒரு முகவரி இன்றி வாழ்ந்த அனுபவம் இம்மண்ணின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உண்டு. முகவரியின் பெறுமதியை எவரும் எமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பரந்தன் சந்தியில் நின்று "இந்த வழி முல்லைத்தீவுக்கு" என்று ஒருவர் சொல்கையில், அவ்வழியில் உள்ள அத்தனை ஊர்களுக்கும் அவர் பொறுப்பேற்கின்றார். வழிப்படுத்தியில் ஒரு தொகுப்பு வரியை எழுதும் மாணவரும் அப்பொறுப்பையே ஏற்கின்றார். எட்டுப் பிற்றுகளைக் காகிதத்தில் எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடும் பழக்கத்தை எமது ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே வளர்க்க வேண்டும்.